கூட்டத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமா?

கேள்வி: அண்ணே, எனக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். வயது 34. அறுப்பு மிஷின் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். குடிக்காமல் இன்றோடு 41 நாள். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்லி டாக்டர் அனுப்பினார். எங்கே நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்த ஆள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். சர்ச்சில் நடக்கும், மதம் மாற்றிவிடுவார்கள் என்று வேறு ஒருத்தர் பயமுறுத்துகிறார்.

பதில்: தம்பி, நாட்களை எண்ணி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அது ஒன்றே பாதி வழி வந்த மாதிரி. எனக்கு இது 12-ஆவது வருடம். கும்பகோணம் பக்கம் நெல் தரகு பார்த்தவன்.

முதல் தடவை போனபோது கூட்டம் நடக்கும் கட்டடத்தை மூன்று சுற்று சுற்றினேன். சர்ச் வளாகத்தில் ஒரு சின்ன அறை. கிளம்பும்போது எங்கம்மாவுக்கும் உங்களுக்குச் சொன்னவரின் பயம்தான். விபூதியைப் பொட்டலம் மடித்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்பினாள். உள்ளே யாரும் மதம் பேசவில்லை. தொடக்கத்தில் மன அமைதி கேட்டு ஒரு சின்னப் பிரார்த்தனை சொன்னார்கள். கடவுள் என்ற சொல் வரும். அது யார் என்று அவரவர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வாடகை குறைவு என்பதால் சர்ச்சிலும் பள்ளிக்கூடத்திலும் அறை பிடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான்காவது சுற்றில் வாசலில் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஆள் "வாங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தால் எங்கள் பக்கத்து ஊர்க் கூட்டுறவு வங்கி குமாஸ்தா! பயிர்க் கடனுக்கு அவர் மேசை முன்னால் எத்தனை தடவை நின்றிருப்பேன். எனக்குக் கால் ஓடவில்லை. பிறகுதான் உறைத்தது, நான் அவரைப் பார்த்த அதே இடத்தில்தான் அவரும் என்னைப் பார்க்கிறார். அடுத்த மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். குறுவைக்கு என்ன ரகம் விட்டீர்கள் என்று கேட்டார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அங்கே பார்த்த ஆளையும் கேட்ட பேச்சையும் வெளியே கொண்டுபோவதில்லை. இந்தக் கேள்வி-பதில் பகுதியில் என் பெயர் ஏன் இல்லை என்று அடிக்கடி கேட்கிறீர்கள். பத்திரிகையில் பெயர் போட்டு ஏ.ஏ. உறுப்பினர் என்று சொல்லிக்கொள்ளாதே என்பது அவர்கள் மரபு.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது இது. அதில் ஒருவர் அறுவை சிகிச்சை டாக்டர். அவருக்கே டாக்டர் புத்தி கைகொடுக்கவில்லை, தன்னைப்போல் குடித்த இன்னொருத்தர் பேச்சுதான் கைகொடுத்தது. கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றி வரும், புதியவர் போட வேண்டியதில்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் ஐந்து வாரம் வாயே திறக்கவில்லை.

சரி, எங்கே தேடுவது? கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான் இதுவும், பெரிய ஊர்களில் கிடைக்கும், உங்கள் கிராமத்துக்கு எட்டியிருக்காது. உங்களைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியின் ஆலோசகரிடமே முதலில் கேளுங்கள், அவர் கையில் உறுப்பினர் யாருடைய எண்ணாவது இருக்கும். ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு. போதை மீட்புக்கான மத்திய அரசின் உதவி எண் 14446, காசு பிடிக்காது. கிழமையும் நேரமும் மாறும், ஆகவே போன் செய்து கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் கேட்டு வையுங்கள். நான் ஒருநாள் தவறவிட்டு, டிவிஎஸ் ஃபிப்டியில் குமாஸ்தாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஊர் சேர்ந்தேன். பக்கத்து ஊரில் போக மனசு வரவில்லையா, மன்னார்குடியோ தஞ்சாவூரோ போய் உட்காருங்கள். அறுப்பு நேரத்தில் வயலைவிட்டு வர முடியாது, அப்போது கைபேசி வழியாக நடக்கும் கூட்டங்கள் உதவும். தை மாதம்தான் உங்களுக்குக் கண்டம். உடம்பு வலிக்கு என்று சொல்லிக் கூலியோடு குவார்ட்டரையும் நீட்டுவார்கள். அதற்குள் இரண்டு உறுப்பினர்களின் எண்ணை வாங்கி வைத்துவிடுங்கள். பாட்டிலைத் திறக்கும் முன் கூப்பிடத்தான் அந்த எண்.

கேள்வி: குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்தை வாங்கலாமா? கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டேன் என்கிறார். (மயிலாடுதுறை வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. குடியை விடக் கொடுக்கும் டைசல்பிராம் மாதிரி மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் கொடுப்பதென்றால் நோயாளிக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். சாம்பாரில் போடச் சொல்லி விற்கிறவர்கள் அதற்குள் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்வதில்லை. பல வருடம் தினம் குடித்தவரைத் திடீரென்று நிறுத்தவும் வைக்காதீர்கள். கை நடுக்கம், வலிப்பு, இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பம் என்று போகும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேட்டுச் செய்யுங்கள்.

அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரின் மனைவி லோயிஸ், 1951-இல் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்க முன்நின்றார். அதில் சேர உங்கள் கணவருடைய சம்மதம் தேவையில்லை. என் வீட்டுக்காரி நான் போவதற்கு எட்டு மாதம் முன்பே போய்க்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.