எழுத்து எப்படி வந்துச்சு? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: சார், உலகத்துல முதல்ல எழுதினவன் என்னத்த எழுதினான்? சாமி பாட்டா?

பதில்: கணக்குங்க! இப்போ ஈராக்ல இருக்கற உருக் நகரத்துல கிமு 3300-3200 வாக்குல எழுதின களிமண் பலகைங்க ஆயிரக்கணக்குல கெடச்சிருக்கு, அதுல பெரும்பாலானது பார்லி எவ்ளோ வந்துச்சு, ஆடு எத்தன, யாருக்கு எவ்ளோ பீர் அளந்து குடுத்தாங்க, இதான். மிச்சம் இருக்கறது கணக்குப்புள்ள வேலைக்குப் படிக்கறவங்க எழுதிப் பழகற சொல் பட்டியல். கதை, துதிப்பாட்டு எல்லாம் களிமண்ல ஏற அதுக்கப்புறம் ஒரு 600 வருஷம் ஆச்சு.

கேள்வி: களிமண் உருண்டைக்குள்ள ஏதோ காய் போட்டு வச்சாங்களாமே, அது என்னண்ணே?

பதில்: எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர் இது. ஆடு, தானியம், எண்ணெய்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்ன களிமண் காய். கொடுக்கல் வாங்கல் முடிஞ்சதும் காய்களை உள்ளீடு இல்லாத மண் உருண்டைக்குள்ள போட்டு மூடி மேல உருளை வடிவ முத்திரைய உருட்டி அச்சு பதிச்சிடுவாங்க, இனி எவனும் திருட முடியாது, ஆனா உள்ள எத்தன இருக்குன்னு பாக்கணும்னா உடைக்கணுமே? அதனால சில உருண்டைல வெளிப்பக்கமே காய் அச்ச அழுத்தி வச்சாங்க. அச்சே கணக்க சொல்லுதுன்னா உள்ள காய் எதுக்கு, உருண்டை எதுக்கு, தட்டையா ஒரு பலகை போதுமே! டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸராங்கற ஆராய்ச்சியாளர் சொன்னது இது. எல்லா குறியீடும் இப்படித்தான் வந்துச்சுன்னு மத்தவங்க ஒத்துக்கல, ஆனா எண் குறிகளுக்கு கச்சிதமா பொருந்துது.

கேள்வி: அப்போ எழுத்து இல்லாம ஒரு பேரரசு நடக்காதா?

பதில்: ஏன் நடக்காது, தென்னமெரிக்காவுல இன்கா ஜனங்க நடத்துனாங்களே. 1532ல ஸ்பெயின்காரங்க வந்து இறங்கறப்போ ஆண்டிஸ் மலை நெடுக ராஜ்ஜியம், கணக்கு பூரா கிப்பு-ங்கற கயித்து முடிச்சுல. முடிச்சு எந்த எடத்துல இருக்குங்கறத வச்சு ஒண்ணு, பத்து, நூறு. எழுத்து இல்லாம ஆளலாம், கணக்கு இல்லாம முடியாது.

கேள்வி: ஏபிசிடி யார் கண்டுபிடிச்சது?

பதில்: பண்டிதர் யாரும் இல்லன்னுதான் ஆராய்ச்சியாளர்கள் நெறைய பேர் நினைக்கறாங்க. எகிப்துல சினாய் பக்கம் செராபிட் எல்-காதிம்னு ஒரு எடம், எகிப்துக்காரங்க டர்க்காய்ஸ்ங்கற நீலப்பச்சைக் கல் வெட்டின சுரங்கம், அங்க வேலைக்கு வந்த செமிட்டிக் ஆளுங்க (எபிரேயம், அரபு இருக்கற மொழிக்குடும்பத்துக்காரங்க) கிமு 1800 வாக்குல எகிப்து படங்கள பாத்து, படத்தோட பேர்ல வர்ற முதல் ஒலிய மட்டும் எடுத்துக்கிட்டாங்க. மாட்டுத்தலை படம்தான் ஃபினீசியர் (இப்போ லெபனான் இருக்கற கரையில வாழ்ந்த கடல் வியாபாரிங்க), கிரேக்கர் கைக்கெல்லாம் போய் திரும்பித் திரும்பி இன்னைக்கு ஏ எழுத்தா நிக்குது, தலைகீழா பாருங்க, ரெண்டு கொம்பு தெரியும். எகிப்து முறைக்கு நூத்துக்கணக்கான குறி மனப்பாடம் பண்ணணும், இதுக்கு 30 கூட வேணாம்.

கேள்வி: ஒரு தடவ வந்த எழுத்து மறந்து போகுமா?

பதில்: போயிருக்கே. கிரேக்கத்துல லீனியர் பி-ன்னு ஒண்ணு அரண்மனை கணக்குக்கு மட்டும் ஓடுச்சு, கிமு 1200 வாக்குல அரண்மனைங்க எரிஞ்சதும் குமாஸ்தாவோட எழுத்தும் போச்சு, ஏன்னா வெளில ஒருத்தனுக்கும் அது தெரியாது. அந்த தீயில சுட்டதாலதான் பலகைங்க நம்ம கைக்கு வந்துச்சு, 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ்ங்கற இங்கிலாந்துக்காரர் அந்த எழுத்த படிச்சுட்டார். நாலஞ்சு நூற்றாண்டு கழிச்சு அகரவரிசையோட எழுத்து திரும்பி வருது, அப்போ ஏதென்ஸ்ல ஒரு மது ஜாடில கீறியிருக்கறது கணக்கு இல்ல, நல்லா நடனம் ஆடுறவனுக்குத்தான் இந்த ஜாடின்னு! என்னைக் கேட்டா எழுத்து சனங்க கைக்கு வந்ததுக்கு இதவிட நல்ல சாட்சி கெடயாது.

கேள்வி: சிந்துவெளி எழுத்து தமிழ்தானே சார்?

பதில்: திராவிட மொழியா இருக்கலாம்னு ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்போலா ரெண்டு பேரும் நல்லா வாதாடியிருக்காங்க. நிரூபணம் ஆகல. சராசரியா ஒரு முத்திரைல அஞ்சு குறிதான், நமக்குத் தெரிஞ்ச ஒரு மொழியையும் சேத்து ரெண்டு மொழில எழுதின கல்லும் ஒண்ணும் சிக்கல, அது கெடைக்கற வரைக்கும் சண்டை ஓயாது.

கேள்வி: கொரியன் எழுத்த ஒரு ராஜா உக்காந்து உருவாக்குனாராமே?

பதில்: ஆமா, செஜோங். 1446ல வெளியிட்டார், 28 எழுத்து. அவர் அரசவைப் படிப்பாளிங்களே எதிர்த்தாங்க, சீன எழுத்து தெரிஞ்சவன் மட்டும்தான் அதுவரைக்கும் பெரிய ஆளு.