மாமாவின் கைக்குப் பொன் தெரியும், வீடு தெரியாது

கேள்வி: பார்த்தவுடன் மனதில் படுவதை எப்போது நம்பலாம், எப்போது ஆற அமர யோசிக்க வேண்டும்?

கொழும்பு செட்டியார் தெருவில் மாமாவின் நகைக்கடையில் ஆறு வருடம் நின்றவன் நான். ஒருநாள் ஒருவர் பழைய சங்கிலி விற்க வந்தார். மாமா அதை உள்ளங்கையில் போட்டு ஒருமுறை உருட்டிவிட்டு, "சரிவராது தம்பி, உரைச்சுப் பார்" என்றார். கொக்கியை உரைகல்லில் உரைத்தேன், நல்ல தங்கம். மாமா பேசாமல் நடுக்கண்ணியைத் தொட்டுக் காட்டினார். அங்கே உரைத்த கோடு, திராவகம் ஒரு சொட்டு பட்டதும் கரைந்து போனது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், "இந்தத் தடிப்புக்குப் பாரம் காணாது" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அதே மாமா சொல்லித்தான் வெள்ளவத்தையில் கடல் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பல்கனியில் நல்ல காற்று. "ராசியான வீடு, விடாதே" என்றார். ஒரு வருட முற்பணம் கொடுத்தேன். திங்கள் விடியவே ரயில் சத்தம் எழுப்பிவிட்டது. மரைன் டிரைவைத் தாண்டினால் தண்டவாளம் என்பது எனக்குத் தெரியாததா? காற்றில் மறந்துபோனது. எட்டு மாதத்தில் உப்புக்காற்று ஜன்னல் பிணைச்சல்களைத் தின்றுவிட்டது.

உள்ளுணர்வை அதிகம் நம்பாத உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்புத் தலைவர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து மெச்சிய இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைனும் 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். எதிரும் புதிருமாக இருந்தவர்கள் இதில் ஒத்துப்போனார்கள்: ஒரு வேலையில் உள்ளுணர்வை நம்புவதென்றால் அந்த வேலைக்குள் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அதைப் பழகிக்கொள்ளப் போதிய வாய்ப்பும் செய்த பிழை தெரியவரும் வழியும் இருக்க வேண்டும். மாமா ஆயிரக்கணக்கான சங்கிலிகளைத் தொட்டவர். அவர் சொன்னது சரியா பிழையா என்று உரைகல் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். வாடகை வீடோ அவர் ஆயுளில் மூன்று. அதிலும் பிழை தெரிய வருடம் பிடிக்கும், தெரிந்தாலும் வீட்டுக்காரரைத்தான் திட்டுவோம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மண்டையை உடைக்கத் தேவையில்லை. புறக்கோட்டையில் ஒரு சேர்ட் வாங்க ஐந்து கடை ஏறி இறங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். என் வழக்கம் இதுதான்: "ஏதோ சரியில்லை" என்று மனம் சொன்னால், அந்த விஷயம் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தாலும் நின்று பார்ப்பேன். "அருமை, உடனே எடு" என்று சொன்னால் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டேன், முக்கியமாக முற்பணம் கேட்கும் இடத்தில்.

இப்போது இருக்கும் வீட்டை மூன்று தரம் போய்ப் பார்த்தேன், ஒருதரம் வேலைநாள் இரவு ஏழு மணிக்கு. மாமாவும் வந்தார். வாசலில் கால் வைத்ததுமே "இதை எடு" என்றார். அவரைக் கீழே தேத்தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, நான் குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.