வாசகர் கேள்வி – பதில்: தேதி தெரியாத தேர்வுக்குத் தினமும் ஒரு மணி நேரம்

கேள்வி: பட்டப்படிப்பை முடித்துவிட்டுத் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியும் வேலை கிடைக்கவில்லை. இரவில் ஒரு மணி நேரம்தான் எனக்குச் சொந்தமானது. அடுத்த அறிவிக்கை எப்போது வரும், எத்தனை இடங்கள் இருக்கும், கட்-ஆஃப் எவ்வளவு என்று எதுவும் தெரியாதபோது, இந்த ஒரு மணி நேரத்தை நம்பித் தொடர்ந்து படிப்பதில் பொருள் உண்டா?
— வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வுக்குப் பிறகு அடுத்த தேர்வு 2022 ஜூலையில்தான் நடந்தது. 2024 அறிவிக்கையில் 6,244 இடங்கள் இருந்தன. அடுத்த ஆண்டு அறிவிக்கையில் 3,935 மட்டுமே. இவற்றை முன்கூட்டியே கணித்திருக்க யாராலும் முடியாது. ஆகவே யூடியூபில் கட்-ஆஃப் ஆரூடம் கேட்கும் நேரத்தை முதலில் மிச்சப்படுத்துங்கள்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்ததே: மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் பாதி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 பெறாதவரின் மறுபாதி திருத்தப்படுவதே இல்லை. எஞ்சிய நூறு வினாக்களில் 75 பொது அறிவு, 25 திறனறிவு. பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், தேர்வாணையத்தின் இணையதளத்தில் இப்போது உள்ளதை அச்செடுத்து, முடித்த பகுதிகளை அதிலேயே குறித்து வாருங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அந்தத் தாளே காட்டும். அதற்கு அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வேலைக்குச் செல்பவர்களில் பலர் அதை முழுவதும் புதிய பாடங்களுக்கே கொடுத்து, பக்கங்கள் நகர்வதைப் பார்த்து நிறைவடைகிறார்கள். படித்தது முதல் ஒரு நாளுக்குள்தான் மிக வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம்மைத் தாமே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே பாதி நேரத்துக்கு மேல் புதியதைத் தொடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்களில் ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதி போதும். மீதி நேரத்தில் நேற்றுப் படித்ததையும் போன வாரம் படித்ததையும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். இது சலிப்பைத் தரும், முன்னேறுவதுபோலவே தோன்றாது. ஆனால் தேர்வு அறையில் கைகொடுப்பது இந்தப் பாதிதான். திறனறிவுக்குத் தனி வேளை வேண்டாம்: தனிவட்டி, விகிதம், சதவீதம் என்று தினம் ஐந்து கணக்குகளை உணவு இடைவேளையில் போட்டுவிடலாம். பலர் அலட்சியம் செய்யும் அந்த 25 வினாக்கள்தான், பயிற்சி செய்தவருக்குக் கட்டாயம் கிடைக்கும் மதிப்பெண்கள் என்பது என் எண்ணம்.

துணிக்கடை வேலையில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளி நெருக்கமும் வாரக்கணக்கில் உங்கள் இரவுகளை விழுங்கும். லண்டனில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாக ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் தெரியவந்தது. வாரக்கணக்கில் விட்டுப்போவது வேறு. எனவே அந்த வாரங்களில் கால் மணி நேரத் திருப்புதல் மட்டும் போதும் என்று இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் கைவிட வேண்டாம்.

தேர்வையே நம்பி வேலையை விடும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். முடிந்தால் தட்டச்சு வகுப்பில் சேருங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. குரூப் 4இல் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும், வெளி வேலைக்கும் அது பயன்படும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி வகுப்பு உங்களுக்கு ஏற்ற நேரத்தில் உண்டா என்றும் கேளுங்கள். இன்னும் எத்தனை தேர்வுகள் வரை முயல்வது என்பதை வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. எல்லை இல்லாத காத்திருப்பு படிப்பையும் கெடுக்கும்.

கேள்வி: மாதிரித் தேர்வுகளில் என் மதிப்பெண் ஒரு வாரம் ஏறுகிறது, மறுவாரம் இறங்குகிறது. முன்னேறுகிறேனா என்றே தெரியவில்லை.
— வாசகர், தேனி

பதில்: வினாத்தாளின் கடினம் வாரத்துக்கு வாரம் மாறும்போது மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தவறிய வினாக்களைப் படிக்காதவை, படித்தும் மறந்தவை, அவசரத்தில் தவறாகக் குறித்தவை என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது வகை மாதந்தோறும் குறைந்தால் நீங்கள் முன்னேறுகிறீர்கள். இன்னொன்று: குரூப் 4இல் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எல்லோரும் குத்துமதிப்பாகவும் விடை குறிக்கிறார்கள். மாதிரித் தேர்வில் அத்தகைய விடைகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அவற்றை நீக்கிய மதிப்பெண்ணைத் தனியே எழுதி வாருங்கள். உங்களைக் குழப்பும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு அந்தப் புள்ளிகளிலிருந்து வந்ததாக இருக்கலாம்.