ஹாரியட் டப்மனின் ஓய்வூதியம் 8 டாலரா, 20 டாலரா?

அமெரிக்க அடிமை ஒழிப்புப் போராளி ஹாரியட் டப்மனைப் பற்றிய கட்டுரைக்காக நீங்கள் பார்த்த நூல்களில் சில அவரது மாத ஓய்வூதியம் 8 டாலர் என்றும், சில 20 டாலர் என்றும் சொல்வதாகக் கேட்டிருந்தீர்கள். இரண்டு தொகைகளும் சரியானவையே. அந்த நூல்கள் ஒன்றையொன்று மறுக்கவில்லை, வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்கின்றன.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடதரப்புப் படைவீரராக இருந்த கணவர் நெல்சன் டேவிஸ் 1888இல் இறந்தபின் டப்மன் விண்ணப்பித்து, 1895இல் கைம்பெண் ஓய்வூதியமாக மாதம் 8 டாலர் பெறத் தொடங்கினார். போர்க்காலத்தில் அவர் செவிலியராகப் பணியாற்றியதைக் கருத்தில் கொண்டு, 1899இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் இயற்றி அதை 20 டாலராக உயர்த்தியது. ஆண்டைக் குறிப்பிடாமல் தொகையை மட்டும் எடுத்தாள்வதால்தான் இந்தக் குழப்பம் வந்திருக்க வேண்டும்.

உங்களிடமுள்ள ஒவ்வொரு மேற்கோளிலும் ஆண்டு 1899க்கு முந்தையதா, பிந்தையதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

ஆனால் 20 டாலர், முந்தைய 8 டாலருக்கு மாற்றாக வந்தது. இரண்டையும் கூட்டி 28 என்று எழுதிவிடாதீர்கள். "ஒற்றராகப் பணிபுரிந்ததற்கான ஓய்வூதியம்" என்றும் எழுத வேண்டாம்; உயர்வுக்குக் கருத்தில் கொள்ளப்பட்டது செவிலியர் பணியே. ஆனால் அவர் படைப்பணியும் செய்தவர்தான். 1863 ஜூன் 2 அன்று தென் கரோலினாவின் காம்பஹீ ஆற்றில் கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரியின் படகுகளுக்கு வழிகாட்டி, 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெறத் துணைநின்றவர் அவர். செவிலியர், சமையற்காரர், வேவுக்காரர்களின் தலைவர் ஆகிய பணிகளுக்காகத் தமக்கு 1,800 டாலர் வர வேண்டும் என்று உறுதிமொழிப் பத்திரத்திலேயே கோரினார். அந்தத் தொகை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதை உங்கள் கட்டுரையில் அவசியம் சேருங்கள். அடிமை ஒழிப்புப் போராளியாக மட்டுமே அவரை அறிந்த வாசகர்களுக்கு அவரது படைப்பணியும் தெரிய வேண்டும்.