அசெம்பிளர், டிஸ்அசெம்பிளர் எழுதுவோர்க்கு: கட்டளை அட்டவணையைச் சுருக்குவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் சார். ஏடிமெகா328 என்ற சிறு கண்ட்ரோலர் சிப்பில் ஓடுகிற மாதிரி, 6502 என்ற பழைய 8 பிட் புராசஸருக்கு ஒரு டிஸ்அசெம்பிளர் (இயந்திரக் குறியீட்டைக் கட்டளைப் பெயர்களாக மாற்றுவது; அசெம்பிளர் இதற்கு நேர் எதிர்) எழுதுகிறேன். 256 ஆப்கோடுக்கும் (கட்டளையின் எண்) தலா ஒரு ஸ்ட்ரக்ட்: பெயருக்குப் பாயிண்டர், முகவரி முறை (தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் விதம்), நீளம், சைக்கிள் (ஓட ஆகும் கடிகாரத் துடிப்புகள்). ரேம் மொத்தமே 2 கேபி. அட்டவணையே அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடுகிறது.

பதில்: ஆமாம், தின்னத்தான் செய்யும். அந்த சிப்பில் பாயிண்டர் 2 பைட், மற்ற மூன்றும் ஒவ்வொரு பைட். ஆக ஒரு வரிக்கு 5, மொத்தம் 1,280. பெயர்களுக்கு இன்னும் இருநூற்றுச் சொச்சம். முதலில் அட்டவணைக்கு ப்ரோக்மெம் (தரவை ரேமுக்குக் கொண்டுவராமல் ஃப்ளாஷில் வைக்கச் சொல்லும் குறிச்சொல்) போட்டு ஃப்ளாஷிலேயே விட்டுவிடுங்கள். வெறும் கான்ஸ்ட் போதாது, அது ரேமுக்கு நகலாகிவிடும். பெயர்களுக்கும் தனியாக ப்ரோக்மெம் போட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் சுருக்கலாம். முகவரி முறை தெரிந்தால் நீளம் தானாகத் தெரிந்துவிடும். பிறகு எதற்கு 256 இடத்தில் எழுதி வைக்க வேண்டும்? 6502-இல் முறைகள் 13, எனவே 13 பைட்டில் ஒரு நீளப் பட்டியல் போதும். 13 முறைக்கு 4 பிட் போதும் என்பதால், ஒரு பைட்டுக்கு இரண்டாக 128 பைட். பெயர்கள் 56, செல்லாத ஆப்கோடுக்கு ஒரு "???" சேர்த்தால் 57. எந்தப் பெயர் என்று காட்டும் எண்ணுக்கு 256 பைட், பெயர்களுக்குத் தலா 2 பைட் வீதம் 114. கூட்டினால் 511. டிஸ்அசெம்பிளருக்கு சைக்கிள் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

இன்னும் சுருக்க வேண்டுமா? அட்டவணையை விட்டுவிட்டு ஆப்கோடின் பிட்டுகளைப் பாருங்கள். கடைசி இரண்டு பிட் 01 என்றால், முதல் மூன்று பிட் எந்த வேலை என்று சொல்கிறது (ஓஆர்ஏ, ஏஎன்டி, இஓஆர், ஏடிசி, எஸ்டிஏ, எல்டிஏ, சிஎம்பி, எஸ்பிசி), நடு மூன்று பிட் எந்த முறை என்று சொல்கிறது. 10101001 என்பதை 101, 010, 01 என்று பிரித்தால் ஆறாவது வேலை எல்டிஏ, மூன்றாவது முறை நேரடி மதிப்பு. 8 வேலை, 8 முறை, ஆக 16 பதிவுகளில் 63 கட்டளைகள் வந்துவிடுகின்றன. 64 வராததற்குக் காரணம் 10001001, அதாவது நேரடி மதிப்போடு எஸ்டிஏ (சேமிக்கும் கட்டளை). நேரடி மதிப்புக்குள் போய் எதையும் சேமிக்க முடியாதே! அந்த ஒன்றைத் தனியாக விதிவிலக்கில் வையுங்கள். பின்னால் வந்த 65சி02-இல் அதே இடத்தில் பிஐடி கட்டளை உட்கார்ந்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மூன்று எழுத்துப் பெயர் 2 பைட்டில் எப்படி அடங்கும்?

பதில்: எழுத்துக்கு 5 பிட், மூன்றுக்கு 15, ஒரு பிட் மிச்சம். ஆப்பிளை இணைந்து தொடங்கிய ஸ்டீவ் வோஸ்னியாக்கும் அவர் நண்பர் ஆலன் பாமும் 1976-இல் வெளியிட்ட 6502 டிஸ்அசெம்பிளர் இதைத்தான் செய்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணைத் தேர்ந்தெடுத்த விதம். ஆஸ்கியில் (எழுத்துகளுக்கான எண் பட்டியல்) 63 என்பது கேள்விக்குறி, 65 என்பது ஏ. பூஜ்ஜியத்தைக் கேள்விக்குறிக்குக் கொடுத்தார்கள், எனவே ஏ என்பது 2. பிஆர்கே என்ற கட்டளைப் பெயர் என்றால் 3, 19, 12. அதாவது 00011, 10011, 01100, கடைசியில் ஒரு 0. இரண்டு பைட்டாக எழுதினால் 00011100, 11011000. பிரிக்கும்போது ஐந்து ஐந்து பிட்டாக இடப்பக்கம் நகர்த்தி, வருவதோடு 63 கூட்டினால் எழுத்து தயார். இரண்டு பைட்டும் பூஜ்ஜியமாக இருந்தால் தானாகவே "???" அச்சாகும், தனி இஃப் வேண்டாம்.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த எண்களின் வரிசையும் அகரவரிசையும் ஒன்றே. அசெம்பிளர் பக்கம் பெயரைத் தேடும்போது ஸ்ட்ரிங் ஒப்பீடு தேவையில்லை, 16 பிட் எண்களில் பைனரி சர்ச் செய்தால் ஆறு ஒப்பீட்டுக்குள் கிடைத்துவிடும்.

கேள்வி: அண்ணா, இசட்80 புராசஸருக்கு முன்னொட்டு பைட்டுகள் (ஆப்கோடுக்கு முன்னால் வந்து அதன் பொருளை மாற்றுபவை) வேறு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 256 வரி எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. சிபி முன்னொட்டுக்குப் பின்னால் வரும் பைட்டை 2, 3, 3 பிட்டாகப் பிரியுங்கள். முதல் இரண்டு பிட் சுழற்சி, பிஐடி, ஆர்இஎஸ், செட் இவற்றில் எது என்று சொல்லும். கடைசி மூன்று பிட் ரெஜிஸ்டர். 256 வரியும் தீர்ந்தது. டிடி, எஃப்டி வந்தால் அதே அட்டவணைதான், எச்எல் ரெஜிஸ்டர் வரும் இடத்தில் ஐஎக்ஸ் அல்லது ஐஒய் ரெஜிஸ்டரைப் போடுங்கள். இரண்டு இடத்தில் கவனம் தேவை. நினைவக முகவரி ஐஎக்ஸ் வழியாகப் போகும் கட்டளையில், கூட வரும் எச், எல் மாறாது. டிஇ-யையும் எச்எல்-ஐயும் மாற்றிக்கொள்ளும் கட்டளையும் மாறாது.

கேள்வி: ரிஸ்க்-வி புராசஸரில் 32 பிட் கட்டளை. அதை நேராக அரே இன்டெக்ஸாகப் போட முடியாதே?

பதில்: முடியாது. அங்கே வரிக்கு இரண்டு எண்: மாஸ்க், மதிப்பு. கட்டளையை மாஸ்க்கோடு ஆண்ட் செய்து, வருவது மதிப்புக்குச் சமமா என்று பார்க்க வேண்டும். ஏடிடி, எஸ்யுபி இரண்டுக்கும் மாஸ்க் ஒன்றுதான், மதிப்பில் ஒரே ஒரு பிட் வித்தியாசம். வரிசையாகத் தேடினால் மெதுவாக இருக்கும், அதனால் கீழ் ஏழு பிட்டை வைத்துப் பெட்டிகளாகப் பிரித்துவிடுங்கள். 32 பிட் கட்டளையில் கடைசி இரண்டு பிட் எப்போதும் 11, ஆக 32 பெட்டி போதும். என்ஓபி (எதையும் மாற்றாத ஒரு ஏடிடிஐ-க்கு வைத்த பெயர்) போன்ற மாற்றுப் பெயர்களைப் பொதுவான வரிக்கு முன்னால் வையுங்கள். இல்லாவிட்டால் அது எப்போதும் ஏடிடிஐ என்றே அச்சாகும்.

எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு வேறு வழியில் போகிறது. கட்டளைகளின் விவரிப்பிலிருந்து அதன் டேபிள்ஜென் கருவி ஒரு குட்டி பைட்கோடை உருவாக்கும்: இந்தப் பிட்டுகளை எடு, இந்த மதிப்பா பார், இல்லையென்றால் இவ்வளவு தூரம் தாவு. கட்டளைகள் ஆயிரக்கணக்கில் போனால் அதுதான் சரி. ஐம்பது அறுபதுக்கு அது வீண் வேலை.

கேள்வி: அட்டவணையை ஜிப் செய்து வைத்து, ஓடும்போது விரித்துக்கொண்டால்?

பதில்: விரித்த பிறகு அதே இடத்தைத்தான் பிடிக்கும். வேண்டாம்.

கேள்வி: நம்முடையது 64 பிட் லினக்ஸ் ஷேர்டு லைப்ரரி. நினைவகம் தாராளம். இதெல்லாம் எதற்கு?

பதில்: பெயருக்குப் பாயிண்டர் வைத்தால் 8 பைட் என்றுதானே நினைக்கிறீர்கள்? லைப்ரரி எந்த முகவரியில் ஏறும் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால் வழக்கமான முறையில் ஒவ்வொரு பாயிண்டருக்கும் 24 பைட்டில் ஒரு ரீலொகேஷன் பதிவும் (ஏறும்போது முகவரியைத் திருத்தச் சொல்லும் குறிப்பு) கோப்பில் சேரும். ஆக 32. லைப்ரரி ஏறும்போது அத்தனையையும் திருத்தவும் வேண்டும். திருத்திய பக்கங்களை மற்ற புராசஸ்களோடு பகிரவும் முடியாது. எல்லாப் பெயரையும் ஒரே நீள ஸ்ட்ரிங்கில் கோத்து, 2 பைட் ஆஃப்செட் (ஸ்ட்ரிங்கின் தொடக்கத்திலிருந்து தூரம்) வையுங்கள், இந்தத் தொல்லை மொத்தமும் போய்விடும். எஃப்ஏடிடி இருந்தால் அதன் வாலிலேயே ஏடிடி கிடைக்கிறது, தனியாக எழுதத் தேவையில்லை.

கேள்வி: அசெம்பிளர், டிஸ்அசெம்பிளர் இரண்டுக்கும் ஒரே அட்டவணை போதுமா?

பதில்: கையால் எழுதும் விவரிப்பு ஒன்றே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு சிறு ஸ்கிரிப்ட் இரண்டு அட்டவணைகளை உருவாக்கட்டும், ஒன்று பெயர் வரிசையில், மற்றது பிட் வரிசையில். கையால் இரண்டு எழுதினால் சீக்கிரமே ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது.

சோதனைக்கு, செல்லும் ஒவ்வொரு கட்டளையையும் பிரித்து, வந்த உரையை மறுபடி அசெம்பிள் செய்து, அதே பைட்டுகள் வருகிறதா என்று பாருங்கள். எக்ஸ்86-இல் (இன்டெல் வகைப் புராசஸர்கள்) இது அப்படியே நடக்காது. ரெஜிஸ்டரிலிருந்து ரெஜிஸ்டருக்கு எம்ஓவி (நகல்) செய்ய இரண்டு குறியீடுகள் உண்டு, இரண்டும் சரி, அசெம்பிளர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கும். அங்கே பைட்டுகளை ஒப்பிடாமல், மறுபடி ஒருமுறை பிரித்து உரையோடு உரையை ஒப்பிடுங்கள்.