வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தினுசாக இருக்கிறது, எப்படிச் சமாளிப்பது?

"சமாளிப்பது" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன், புதிதில் நானும் இதைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் ஆறாம் வகுப்பு டீச்சர் நான். பாலக்காடு மாவட்டம், கேரளம்தான், ஆனால் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பொள்ளாச்சி. மொத்தம் 28 பிள்ளைகள். வீட்டில் தமிழ், சிலர் வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் மலையாளம்.

அதில் ஒரு பையன் ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. பேர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான். மந்தம் என்று முடிவு கட்டி, மற்ற டீச்சர்களிடம் அப்படிச் சொல்லவும் செய்தேன், அது இன்னும் உறுத்துகிறது.

ஒருநாள் தசம எண் பாடம். போர்டில் 8.35, 8.4 என்று எழுதி எது பெரியது என்று கேட்டேன். எதற்கும் முந்திக்கொள்கிற ஒரு பெண், "8.35 டீச்சர், நாலைவிட முப்பத்தஞ்சு பெருசில்ல" என்றாள். வகுப்பே அவள் பக்கம். அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, "இல்ல டீச்சர், 8.4 வந்தாத்தான் காசு கூட. 8.35 வந்தா அம்மா திட்டும்" என்று ஒரு குரல். அவன் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

சட்டைப் பையிலிருந்து பால் சொசைட்டிச் சீட்டை எடுத்தான். நாலாக மடித்தது, ஓரத்தில் ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது. கொழுப்பு, எஸ்.என்.எஃப்., அப்புறம் ரேட். எஸ்.என்.எஃப். என்றால் பாலில் தண்ணீரும் கொழுப்பும் போக மிச்சமுள்ள சத்து, அது குறைந்தால் விலையும் குறையும். தினம் விடியற்காலையில் பால் கொண்டுபோய் ஊற்றுவது இவன்தான்.

அவனுக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்தாள். "8.4ஐ 8.40ன்னு வெச்சுக்குங்க, இப்பப் பாருங்க" என்று ஆரம்பித்து, முன் பெஞ்சுக்கு ஒரு மாதிரி, பின் பெஞ்சுக்கு ஒரு மாதிரி சொல்லிப் புரியவைத்தாள். தன் பதில் தப்பானதில் அவளுக்கு வருத்தமே இல்லை. எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிற இன்னொருத்தி அந்தச் சீட்டைக் கிழியாமல் மடித்து அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். மூன்று பேரும் ஒரே குணமாக இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பாடம் நடந்திருக்காது.

அறுபது பேர் இருக்கிற வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்பீர்கள். கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அடங்காத பிள்ளைகளே இல்லை என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் எங்களுக்கு வேறு கஷ்டம். ஒரு வருஷம் மலையாளப் புத்தகமெல்லாம் வந்து சேர்ந்து, தமிழ்ப் புத்தகம் மட்டும் ஓணப் பரீட்சை நெருங்கும்போதுதான் கைக்கு வந்தது. ஜெராக்ஸ் எடுத்த காசு என்னுடையது. காசு போகட்டும், எங்கள் பிள்ளைகள் எதில் குறைந்தவர்கள்?

அந்தப் பையன் இப்போதும் அதிகம் பேசுவதில்லை, நானும் பேசு பேசு என்று நச்சரிப்பதில்லை. காலையில் வந்ததும் அன்றைய எஸ்.என்.எஃப். எண்ணைப் போர்டின் மூலையில் எழுதிவிட்டுத்தான் போய் உட்காருகிறான்.