வாசகர் கேள்வி-பதில்: கைக்கு வராத டிவிடெண்டுக்கும் வரியா?

கேள்வி: என் யூனிட் டிரஸ்டில் (பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் நிதி) வரும் வட்டி, டிவிடெண்ட் எதையும் நான் எடுப்பதில்லை. எல்லாம் புது யூனிட்டுகளாகவே சேர்கின்றன. பிறகு ஏன் வட்டி, டிவிடெண்டைக் காட்டும் ஐ.டி.3(பி) வரிச் சான்றிதழில் வருமானம் என்று காட்டுகிறார்கள்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, தென்னாப்பிரிக்க யூனிட் டிரஸ்டில் பணத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வரி ஒன்றுதான். நிதி பிரித்துக்கொடுத்த தொகையைக் கொண்டு நீங்களே மறுபடி யூனிட் வாங்கியதாகத்தான் சட்டம் கொள்கிறது. உள்ளூர் டிவிடெண்டில் 20% முன்பே பிடித்துவிடுவார்கள்; அதற்கு மேல் வரி இல்லை. வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். அதில் ஆண்டுக்கு 23,800 ராண்ட் வரை, 65 வயதானால் 34,500 ராண்ட் வரை விலக்கு உண்டு. வங்கி வட்டிக்கும் சேர்த்தே இந்த வரம்பு.

விற்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1,00,000 ராண்ட் போட்டீர்கள்; வருடக்கணக்கில் 30,000 ராண்ட் மறுமுதலீடாகச் சேர்ந்தது; 1,70,000-க்கு விற்றீர்கள். லாபம் 70,000 அல்ல, 40,000தான். அந்த 30,000-க்குரிய வரிக்கணக்கு அந்தந்த ஆண்டிலேயே முடிந்துவிட்டது. அது வாங்கிய விலையோடு சேர வேண்டும். 2025 பிப்ரவரியில் முடிந்த வரியாண்டில் மூலதன லாப (முதலீட்டை விற்று வரும் லாபம்) விலக்கு 40,000 ராண்ட் என்பதால் அந்த ஆண்டில் விற்றிருந்தால் வரியே வராது. 70,000 என்று காட்டினால், விலக்குபோக 30,000-இல் 40%, அதாவது 12,000 ராண்ட் வருமானத்தில் ஏறும். 31% வரி விகிதப் படியில் இருப்பவருக்கு 3,720 ராண்ட் வீண்.

விற்பனை லாபத்தைக் காட்டும் ஐ.டி.3(சி) சான்றிதழில் பெரும்பாலும் இது சரியாகவே இருக்கும். ஆனால் முதலீட்டை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியவர்களின் பழைய விலை கூடவே போகாமல் விடுபடலாம். வரித்துறையான சார்ஸ் தானாகப் போட்டுத்தரும் கணக்கை ஏற்பதற்கு முன் அந்த ஓர் எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள். ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு 'சுவிட்ச்' செய்தாலும் அது விற்பனைதான்.

கேள்வி: டப்ளினில் பதிவான, டிவிடெண்ட் கொடுக்காமல் உள்ளேயே சேர்த்துக்கொள்ளும் இ.டி.எஃப். (பங்குச்சந்தையில் வாங்கி விற்கும் நிதி) ஒன்றை டாலரில் வாங்கியிருக்கிறேன். ஆண்டுதோறும் என்ன காட்ட வேண்டும்?
– வாசகர், லெனேசியா

பதில்: பிரித்துக்கொடுப்பது எதுவும் இல்லாததால் டிவிடெண்ட் வருமானமாகக் காட்ட எதுவும் இராது. விற்கும் ஆண்டில் மூலதன லாபம் மட்டும். அடிக்கடி வாங்கி விற்பவராக இருந்தால் அதுவே முழு வருமானமாகக் கணக்காகும் என்பதை மறக்க வேண்டாம்.

டாலரில் வாங்கி டாலரிலேயே விற்பவருக்கு ஒரு நல்ல விதி உண்டு: லாபத்தை டாலரில் கணக்கிட்டு, பிறகே ராண்டுக்கு மாற்ற வேண்டும். விற்ற நாளின் விகிதத்தையோ அந்த வரியாண்டின் சராசரி விகிதத்தையோ எடுக்கலாம். டாலர் 14 ராண்டாக இருந்தபோது 10,000 டாலருக்கு வாங்கி, 18 ராண்டில் 15,000 டாலருக்கு விற்றால், லாபம் 5,000 டாலர். அதாவது 90,000 ராண்ட். அதே நிதியை ஜோஹானஸ்பர்க்கில் ராண்ட் ஃபண்ட் வழியாக வாங்கியிருந்தால் 1,30,000 ராண்டும் லாபம்; ராண்ட் சரிந்த பங்குக்கும் வரி.

தரகர் அனுப்பும் டாலர் விலைச் சீட்டுகளை விற்கும்வரை வைத்திருங்கள். விற்ற ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தபின் இன்னும் 5 ஆண்டுகள்.